டிக்கி வச்ச கார் வாங்கலாமா? கடன் மனு மாதிரியே காரையும் விசாரிப்போம்



கறவை மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை, பிள்ளைகள் படிப்பு என்று வரும் கடன் மனுக்களை எப்படி விசாரிப்பது என்று நம் குழுக்களுக்கு நன்றாகவே தெரியும். எதுக்கு வாங்குறீங்க, வருமானம் என்ன, எப்படித் திருப்பிக் கட்டுவீங்க, பேப்பர் எல்லாம் சரியா இருக்கா என்று நாலு கேள்வி கேட்டுத்தான் தீர்மான நோட்டில் எழுதுகிறோம். 2025 அக்டோபரில் ஸ்ரீரங்கம் பகுதிக் குழு ஒன்றுக்கு வந்த மனுவைப் பார்த்ததும் அந்த நாலு கேள்வியும் கொஞ்ச நேரம் மறந்தே போச்சு. "செகண்ட் ஹேண்ட் கார் வாங்க முன்பணத்துக்கு ரூ.80,000" என்று அதில் எழுதியிருந்தது.

"காரைப் பத்தி நமக்கு என்னக்கா தெரியும், ஆம்பளைங்க பார்த்துக்கட்டும்" என்றார் ஒரு உறுப்பினர். குழுப் பணம் 80 ஆயிரம் வெளியே போகும்போது அப்படிச் சொல்லிவிட்டு உட்கார முடியுமா? குழுவின் ஊக்குநரும், கூட்டமைப்பிலிருந்து நாங்கள் இரண்டு பேருமாக விசாரணைக்குக் கிளம்பினோம். மூன்று வாரம் அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

எதற்காக இந்தக் கார்?

மனு கொடுத்த சகோதரியின் மாமியாருக்கு வாரம் மூன்று நாள் புத்தூர் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டிலிருந்து காவிரிப் பாலம் தாண்டிப் போய்வர ஆட்டோவுக்கு 450 ரூபாய். மாதம் 13 தடவை என்றால் 5,850 ரூபாய். சிகிச்சை முடிந்து வரும்போது அந்த அம்மாவுக்குத் தலை சுற்றும். பின் சீட்டில் சாய்ந்து படுக்க வேண்டும். மடக்கும் சக்கர நாற்காலி ஒன்றையும் கூடவே கொண்டுபோக வேண்டும். ஆட்டோவில் நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு மாமியாரையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருவது எப்படியிருக்கும் என்று, வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சின்ன கார் போதாதா, டிக்கி வச்ச கார் எதற்கு என்ற கேள்விக்கு அந்தச் சக்கர நாற்காலிதான் பதில். அப்படி ஒரு தேவை இல்லாதவர்கள், பார்க்க நல்லா இருக்கும் என்பதற்காக மட்டும் செடான் வாங்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

கணவர் ஆக்டிங் டிரைவர். ஊரார் கார்களை ஓட்டியே பதினைந்து வருஷம் ஆச்சு. அதனால் ஓட்ட ஆள் தேட வேண்டியதில்லை. மாதச் செலவைத்தான் யாரும் முழுசாக எழுதிப் பார்க்கவில்லை. வங்கியில் 3 லட்சம் கடன் வாங்கினால் டியூ சுமார் 7,900. மாதம் 600 கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் 4,000. இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 12,000 என்றால் மாதம் 1,000. சர்வீஸ், டயர், பேட்டரிக்கு மாதம் 1,500 எடுத்து வைக்க வேண்டும். மொத்தம் 14,400. ஆட்டோச் செலவு 5,850தான். இடையில் துண்டு விழுவது 8,550 ரூபாய். இதுபோக நம் குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணை வேறு.

"முகூர்த்த நாள்ல கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு ஓட்டி அதைச் சரிக்கட்டிடலாம்" என்பது அவர்கள் போட்டிருந்த திட்டம். இதை நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்த உபயோக வண்டி, நாம் ஓன் போர்டு என்கிறோம். மஞ்சள் பலகை வாடகை வண்டி, டி போர்டு. ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது பெர்மிட் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். மோட்டார் வாகனச் சட்டம் 66ஆம் பிரிவு பெர்மிட் வேண்டும் என்கிறது. மீறினால் 192-ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதத்துக்கும் சிறைக்கும் இடம் இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்சில். சொந்த உபயோகப் பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவது சேராது. சவாரி போன இடத்தில் வண்டி மோதினால் இழப்பீடு தர மறுப்பார்கள். டியூ மட்டும் மாதாமாதம் நிற்காமல் வரும்.

டி போர்டாகவே வாங்கி முறையாக ஓட்டலாம், அது தனித் தொழில். பெர்மிட், கூடுதல் பிரீமியம், எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் பிறகு வருஷா வருஷமும் எஃப்.சி. என்று அதற்குத் தனிக் கணக்கு உண்டு.

துண்டு விழும் பணத்துக்கு வேறு வழி சொல்லுங்கள் என்று கேட்டோம். அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் மகனே வந்தார். துவாக்குடியில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். "பாட்டிக்காக மாசம் 7,000 நான் கொடுத்துடுறேன் அக்கா, எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டோம். மீதி 1,550 ரூபாயும் குழுத் தவணையும் அப்பாவின் சம்பாத்தியத்திலிருந்து.

புதுசா, பழசா?

"ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கே, புதுசே வாங்கிடலாமே" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்கு மேல் போகாத, 1,200 சிசி வரையுள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. முன்பு 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் இருந்தது. டீசல் கார் என்றால் 1,500 சிசி வரை இந்தச் சலுகை.

இந்த நான்கு மீட்டர் கணக்கு 2006 மத்திய பட்ஜெட்டிலேயே வந்தது. அன்றைக்கு சின்ன கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகுதான் டிக்கியை வெட்டிச் சுருக்கின செடான்கள் வந்தன. 2008இல் வந்த முதல் டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம். 2012இல் வந்த அடுத்தது 3,995. வரி குறைந்தது, டிக்கியும் 316 லிட்டராகச் சின்னதாச்சு. 2017 மாடலில் அது 378 லிட்டர் ஆனது. 2010 கடைசியில் வந்த டொயோட்டா எட்டியோஸ் நீளத்தைக் குறைக்காமலே விட்டதால் 595 லிட்டர் டிக்கி. அதனால்தான் டாக்சிக்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. 2020இல் எட்டியோஸ் விற்பனை நின்றுவிட்டது. இப்போது பழசாகத்தான் கிடைக்கும்.

புது காருக்கு ஷோரூம் விலை 7 லட்சம் என்றால் அதோடு முடியாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதுவே 91 ஆயிரம். மூன்று வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து எட்டு லட்சத்தைத் தாண்டும். இந்தக் குடும்பத்துக்கு அது ஆகாது. பழைய காரில் ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியாச்சு. ஆனால் புதுச்சேரி, கர்நாடகா பதிவு வண்டி விலை குறைவாக வருகிறதே என்று மயங்க வேண்டாம். நம்ம ஊர்ப் பதிவுக்கு மாற்றும்போது இங்கே வரி கட்டணும், அந்த ஊர் அலுவலகத்தில் தடையின்மைச் சான்றும் வாங்கி வரணும்.

ஜிஎஸ்டி குறைந்ததில் பழைய கார் வாங்குகிறவருக்கும் ஒரு பிடி இருக்கிறது. புதுசே விலை இறங்கியபோது, பழசுக்கு மட்டும் பழைய விலையைச் சொல்வது எப்படி நியாயம் என்று கேட்கலாம். நாங்கள் கேட்டோம்.

முதலில் பார்த்த கார்

டவுனில் ஒரு பழைய கார் விற்கும் கடை. 2014 மாடல் டீசல் செடான், வெள்ளை நிறம், கண்ணாடி மாதிரி பளபள என்று நின்றது. 68,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, விலை 4 லட்சத்து 20 ஆயிரம் என்றார் கடைக்காரத் தம்பி. ஊக்குநர் அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. கிளட்ச், பிரேக் மிதிக்கட்டையின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங் கைபட்டு மின்னியது. டிரைவர் சீட் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. 68,000 கிலோமீட்டரில் இவ்வளவு தேயுமா? நம்பர் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் மஞ்சள் பெயிண்ட் தெரிந்தது.

வண்டி எண்ணை கைப்பேசியில் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்தோம். பதிவு தேதி, எத்தனையாவது உரிமையாளர், கடன் நிலுவை, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் வந்தது. கடைக்காரர் இரண்டாவது ஓனர் என்றார், அதில் மூன்றாவது என்று இருந்தது. வரி ரசீது கேட்டோம். மேலும் ரெண்டு கேள்வி கேட்ட பிறகு, "ஆமாம்மா, முன்னாடி டாக்சியா ஓடினது, அப்புறம் ஓன் போர்டா மாத்தினாங்க" என்று ஒத்துக்கொண்டார். டாக்சியாக ஓடிய வண்டி எல்லாம் கெட்ட வண்டி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் டாக்சி வண்டிக்கு டாக்சி விலைதான் கொடுக்கணும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான் செல்லும். 2014 வண்டிக்கு 2029இல் முடிகிறது. நாலு வருஷக் கடனும் 2029இல்தான் முடியும். கடைசி டியூ கட்டுகிற சமயத்தில் வண்டியின் ஆர்.சி.யும் காலாவதி! சோதனைக்குக் காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம்தான், அதற்கும் செலவு உண்டு.

முக்கால் வட்டி என்ற மாயம்

கடையிலேயே கடன் கொடுக்கும் ஆளும் உட்கார்ந்திருந்தார். "3 லட்சம், நாலு வருஷம், வருஷத்துக்கு 9 பர்சன்ட்தாம்மா. உங்க குழுவுலயே ஒரு ரூபா வட்டி, நம்மகிட்ட முக்கால் வட்டிதான்" என்றார். கேட்க இனிப்பாக இருந்தது. அங்கேயே நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

அவர் சொன்னது ஃபிளாட் வட்டி. 3 லட்சத்துக்கு வருஷம் 27,000, நாலு வருஷத்துக்கு 1,08,000. மொத்தம் 4,08,000 ரூபாயை 48 மாதத்தால் வகுத்தால் டியூ 8,500. நம் குழுவில் எப்படி? கட்டக் கட்ட அசல் குறையும், மீதி அசலுக்குத்தான் வட்டி. அதே 3 லட்சத்தை ஒரு ரூபாய் வட்டிக்கு, குறையும் அசல் முறையில் வாங்கினால் டியூ சுமார் 7,900தான். மாதம் 600 ரூபாய் வித்தியாசம், 48 மாதத்தில் 28,800 ரூபாய். முக்கால் வட்டி என்று சொன்னது, குறையும் அசல் கணக்கில் பார்த்தால் வருஷத்துக்கு 16 சதவீதம் அளவுக்கு வருகிறது. அதாவது நம் பேச்சில் ஒண்ணேகால் ரூபாய் வட்டிக்கும் மேலே. கடைசி மாதம் நம்மிடம் பாக்கி ஒரு டியூவுக்குள் இருக்கும்போதும் 3 லட்சத்துக்கு வட்டி வாங்குகிறார்கள் என்பதுதான் விஷயம்.

"ஃபிளாட்டா, குறையும் வட்டியா? மொத்தம் எத்தனை ரூபாய் கட்டணும்?" என்று எந்தக் கடனுக்கும் கேளுங்கள். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, "நீங்க பேங்க்ல வேலை பாக்குறீங்களாம்மா?" என்றார். "இல்லப்பா, குழுவுல கணக்கு எழுதுறோம்" என்றோம். அந்த 3 லட்சத்தைக் குறையும் வட்டியில் வங்கியில் கேட்பது என்று முடிவானது.

இரண்டாவது கார்

உத்தர வீதியில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வைத்திருந்த 2017 கடைசி மாடல் பெட்ரோல் டிசையர். டிஎன் 48, ஸ்ரீரங்கம் பதிவு. ஒரே ஓனர், 41,000 கிலோமீட்டர், சர்வீஸ் புத்தகம் முழுசாக இருந்தது. விலை 4 லட்சத்து 90 ஆயிரம் சொன்னார். ஆர்.சி. 2032 வரை. இந்த மாடலில் எல்லா வகையிலும் முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு. டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில்தான் எல்லா காருக்கும் கட்டாயமானது. அதற்கு முந்தைய பல கார்களின் குறைந்த விலை வகைகளில் அது இருக்காது. பழைய கார் பார்க்கும்போது ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக் என்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

காலை ஏழு மணிக்கே போனோம், முன்கூட்டிச் சொல்லவில்லை. முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தோம், சில்லென்று இருந்தது. நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் காலையில் திணறுகிற வண்டியும் நல்ல வண்டி போலத் தெரியும். ஸ்டார்ட் செய்ததும் புகையைப் பார்க்கணும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் மாதிரி வெளுத்துப் படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். இங்கே இரண்டும் இல்லை.

பெயிண்டுக்கு ஊக்குநர் அக்கா ஒரு வழி வைத்திருந்தார். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவு, பக்கவாட்டுத் தகடுகளில் வைத்துக்கொண்டே போனார். பட்டி போட்டு டிங்கரிங் செய்த இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது. (பம்பர் பிளாஸ்டிக், அதில் எப்போதுமே ஒட்டாது.) இடது பின்கதவில் ஒரு இடம் நழுவியது. "ஆமாம்மா, அடையவளஞ்சான் வீதியில ஒரு வண்டி உரசிட்டுது" என்று பெரியவரே சொன்னார்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதைக் கட்டாயம் பார்க்கணும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்கள் கொஞ்சமா! அப்படிப்பட்ட வண்டிகளைத் துடைத்துக் கழுவி வெளியூரில் விற்பது உண்டு. நம்ம திருச்சியிலும் 2005 நவம்பரில் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகள், டிக்கிக்குள் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் இரண்டிலும் துருவும் வண்டலும் இருக்கும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்து மோந்து பார்த்தால் மக்கிய வாசனை வரும். சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் அதுவும் சந்தேகம்தான்.

டயரில் நாங்கள் பிடித்ததுதான் விலையைக் குறைத்தது. பட்டன் நன்றாகவே இருந்தது. ஆனால் டயரின் பக்கவாட்டில் நாலு எண் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதில் 3617 என்று இருந்தது, 2017ஆம் வருஷம் 36ஆவது வாரம் செய்தது. எட்டு வருஷ டயர், ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருந்தது. நாலு டயருக்கு 20,000, பேட்டரியும் கதவும் சேர்த்து இன்னும் 10,000 என்று கணக்குச் சொல்லிக் கேட்டோம். பெரியவர் யோசித்து 4,60,000க்கு ஒத்துக்கொண்டார்.

அதற்கு முன்பு ஓட்டிப் பார்த்தோம். குறுகலான வீதிகளில் திருப்பி, திருவானைக்கோவில் ரயில்வே மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுத்து, நெடுஞ்சாலையில் கொள்ளிடப் பாலம் வரை போய் வந்தோம். ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் போயிடுச்சு என்று அர்த்தம். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துப்போய் அடிப்பக்கம் பார்க்கச் சொன்னோம். அவருக்குக் கொடுத்த கூலி வீண் இல்லை.

கடைசியாக மாமியாரையே அழைத்து வந்து ஏறி இறங்கச் சொன்னோம். செடானில் சீட் தாழ்வாக இருக்கும், முட்டி வலிக்காரர்களுக்கு எழுந்திருப்பது சிரமம். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு தலகாணி போட்டா சரியாயிடும்" என்றார். சக்கர நாற்காலி டிக்கியில் படுக்கவைத்தால் மூடியது, நிமிர்த்தினால் மூடவில்லை. சிஎன்ஜி சிலிண்டர் மாட்டிய வண்டியாக இருந்தால் எப்படியும் மூடியிருக்காது.

பெயர் மாற்றும் வரை வேலை முடியவில்லை

விற்கிறவர் பதினான்கு நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும், வாங்குகிறவர் முப்பது நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனு கொடுக்கணும். படிவம் 29, படிவம் 30. பழைய கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் கொடுத்து ஹெச்.பி. கேன்சல் செய்யணும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பல கை மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளாகி உயிர் போனது. ஆர்.சி.யில் மட்டும் முதலில் விற்றவர் பெயரே இருந்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியை விற்றுவிட்டோம், இனி நமக்கென்ன என்று கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வருகிற சகோதரிகள் இதை இன்னொரு தடவை படிக்கவும்.

இன்சூரன்சும் அப்படியே. பதினான்கு நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். பழைய ஓனர் சேர்த்து வைத்த நோ க்ளைம் தள்ளுபடி அவருக்குச் சொந்தம், வண்டியோடு வராது. அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடும்.

யார் பெயரில் பதிவு செய்வது என்று அவர்கள் வீட்டில் பேச்சு வந்தது. கடன் மனுவில் கையெழுத்துப் போட்டவர் சகோதரிதானே, அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று குழு சொன்னது. கணவர் மறுக்கவில்லை. 2021 முதல் ஆர்.சி.யில் வாரிசு நியமனமும் செய்யலாம் என்பதால் மகன் பெயரை அதில் கொடுத்தார்கள்.

குழுக் கடன் 80,000, அவர்கள் சேமிப்பு 80,000, வங்கிக் கடன் 3 லட்சம். 2025 நவம்பரில் வண்டி வீட்டுக்கு வந்தது. பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் தீர்மான நோட்டில் ஒட்டியிருக்கிறது. நாங்கள் இந்த விசாரணையில் எழுதிய கேள்விகளை ஒரு பக்கப் படிவமாக்கி வைத்திருக்கிறோம். வேண்டிய குழுக்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.